பெரிய போட்டிகளில் சிறிய அணிகள்: கிரிக்கெட்டின் அதிர்ச்சி வெற்றிகள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உலகக் கோப்பைத் தொடரில் பலம் குன்றிய அணி ஒன்று ஜாம்பவான் அணியை வீழ்த்தும் ஒவ்வொரு முறையும் அதே ஐயங்கள் திரும்ப எழுகின்றன. அது அதிர்ஷ்டமா, திறமையா? ஏன் சில அணிகள் ஒரு வெற்றியோடு மறைந்துபோகின்றன? அவற்றில் முக்கியமானவற்றுக்கான விடைகள் இங்கே தரப்பட்டுள்ளன.

எந்த அணியைக் கத்துக்குட்டி அணி என்று சொல்வது? அதற்கு அளவுகோல் ஏதேனும் உண்டா?

சர்வதேசக் கிரிக்கெட் அமைப்பான ஐ.சி.சி.யின் விதிகளில் அப்படியொரு பிரிவு கிடையாது. டெஸ்ட் ஆடும் தகுதி பெற்ற 12 முழு உறுப்பினர் நாடுகள், அத்தகுதி இல்லாத 90-க்கும் மேற்பட்ட இணை உறுப்பினர் நாடுகள் என்ற இரண்டு பிரிவுகளே உள்ளன. நேபாளம், நெதர்லாந்து, ஸ்காட்லாந்து, நமீபியா, அமெரிக்கா ஆகியவை இரண்டாம் பிரிவைச் சேர்ந்தவை. ஆனால் களத்தில் இந்தக் கோடு அவ்வளவு துல்லியமாகச் செல்லுபடியாவதில்லை. 1992-இல் முழு உறுப்பினரான ஜிம்பாப்வே, 2019, 2023 ஆகிய இரண்டு ஒருநாள் உலகக் கோப்பைகளுக்குமே தகுதி பெறவில்லை. 2017-இல்தான் முழு உறுப்பினரான ஆப்கானிஸ்தானையோ இன்று எந்த அணியும் எளிதாக எடுத்துக்கொள்வதில்லை. எனவே, ஆட்டம் தொடங்கும் முன்பே தோற்றுவிடும் என்று பெரும்பாலோர் முடிவு கட்டிவிட்ட அணி என்ற பொருளிலேயே இங்குச் சிறிய அணி என்று குறிப்பிடுகிறோம்.

அப்படியானால் 1983-இல் இந்தியாவும் சிறிய அணிதானா?

ஆம். 1975, 1979 ஆகிய இரண்டு உலகக் கோப்பைகளிலும் சேர்த்து இந்தியா வென்றது கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு எதிரான ஒரே ஆட்டத்தில் மட்டுமே. 1979-இல், அப்போது டெஸ்ட் தகுதிகூடப் பெற்றிராத இலங்கையிடம் மான்செஸ்டரில் 47 ரன் வித்தியாசத்தில் தோற்றுமிருந்தது. அந்த இரண்டு கோப்பைகளையும் வென்ற மேற்கிந்தியத் தீவுகளை இறுதி ஆட்டத்தில் எதிர்கொண்டபோது இந்தியா 183 ரன்னுக்குச் சுருண்டது. ஆட்டம் அத்துடன் முடிந்தது என்றே பலரும் நினைத்தனர். ராபர்ட்ஸ், கார்னர், மார்ஷல், ஹோல்டிங் ஆகிய நால்வரை எதிர்த்து ஸ்ரீகாந்த் எடுத்த 38 ரன்னே அந்த ஆட்டத்தின் அதிகபட்சம் என்று முடியும் என அப்போது யாரும் எண்ணியிருக்கமாட்டார்கள். மேற்கிந்தியத் தீவுகள் 140 ரன்னில் ஆட்டமிழந்தது.

ஆனால் இதனை வானத்திலிருந்து விழுந்த வெற்றி என்று சொல்வதற்கில்லை. அதே ஆண்டு மார்ச் மாதம் கயானாவின் பெர்பீஸில் இந்தியா மேற்கிந்தியத் தீவுகளை ஓர் ஒருநாள் ஆட்டத்தில் வென்றிருந்தது. உலகக் கோப்பையின் முதல் ஆட்டத்திலும் 34 ரன்னில் வென்றது. அவர்களையும் வீழ்த்த முடியும் என்பதை அந்த அணி இறுதி ஆட்டத்துக்கு முன்பே இருமுறை கண்டிருந்தது. பின்னாளைய நினைவுகளில் இந்த முன்கதை பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது. இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லவேண்டும். டன்பிரிட்ஜ் வெல்ஸ் மைதானத்தில் இந்தியா 17 ரன்னுக்கு 5 விக்கெட்டை இழந்து, கபில்தேவின் ஆட்டமிழக்காத 175 ரன்னால் மீண்டது ஜிம்பாப்வேக்கு எதிராகத்தான். முதல் உலகக் கோப்பையை ஆடிக்கொண்டிருந்த அந்த ஜிம்பாப்வே, சில நாள்களுக்கு முன் ஆஸ்திரேலியாவை 13 ரன்னில் வீழ்த்தியிருந்தது. டங்கன் பிளெட்சர் 69 ரன் எடுத்து ஆட்டமிழக்காமல் நின்றதுடன் 4 விக்கெட்டும் சாய்த்தார். அன்று கபில் நின்றிராவிட்டால் அந்தத் தொடரின் மாபெரும் அதிர்ச்சி வேறொரு நாட்டின் பெயரில் பதிவாகியிருக்கும்.

இருபது ஓவர் ஆட்டத்தில்தான் அதிர்ச்சி முடிவுகள் அதிகம் என்பது உண்மையா?

உண்மைதான், அதற்குக் கணக்கும் உண்டு. ஓர் ஆட்டத்தைப் பல சிறு மோதல்களாகப் பிரித்துக்கொள்வோம். ஒவ்வொரு மோதலிலும் பலமான அணி வெல்லும் வாய்ப்பு 60 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், மூன்று மோதல்களில் இரண்டை வெல்பவரே வெற்றியாளர் என்னும்போது பலவீனமான அணிக்கு ஏறத்தாழ 35 விழுக்காடு வாய்ப்பு மிஞ்சுகிறது. அதே மோதல்கள் இருபத்தைந்து ஆகிப் பதின்மூன்றை வென்றாக வேண்டும் என்றால் அந்த வாய்ப்பு 15 விழுக்காடு அளவுக்குச் சரிந்துவிடுகிறது. ஆட்டம் நீளநீள, இரு அணிகளுக்கும் இடையிலான உண்மையான வேறுபாடு வெளிப்பட்டே தீரும்.

ஐந்து நாள் நடக்கும் டெஸ்ட் ஆட்டங்களைப் பார்த்தால் இது தெளிவாகும். 2000-இல் டெஸ்ட் தகுதி பெற்ற வங்கதேசம் தன் முதல் டெஸ்ட் வெற்றியை 2005-இல், 35-ஆவது ஆட்டத்தில்தான் கண்டது. அதுவும் ஜிம்பாப்வேக்கு எதிராக. ஆனால் அதே வங்கதேசம் அதற்கு ஆறு ஆண்டுகள் முன்னதாகவே, 1999 உலகக் கோப்பையில், அத்தொடரின் இறுதி ஆட்டம்வரை சென்ற பாகிஸ்தானை நார்த்தாம்ப்டனில் 62 ரன்னில் வென்றிருந்தது.

இருபது ஓவரில் 120 பந்துக்குப் பத்து விக்கெட் கையில் இருப்பதால், அடித்தாடித் தோற்கும் அச்சமும் குறைகிறது. 2007-இல் நடந்த முதல் இருபது ஓவர் உலகக் கோப்பையிலேயே, கேப் டவுனில், ஆஸ்திரேலியாவின் 138 ரன்னை ஜிம்பாப்வே ஒரு பந்து மீதமிருக்க எட்டியது. பிரெண்டன் டெய்லர் ஆட்டமிழக்காமல் 60 ரன் எடுத்தார்.

சிறிய அணிகள் வெல்லும் ஆட்டங்களில் பொதுவான வழிமுறை ஏதேனும் தெரிகிறதா?

ஒன்று திரும்பத் திரும்பத் தெரிகிறது. அவை ஆட்டத்தைச் சுருக்குகின்றன. முந்நூறு ரன் குவிக்கும் போட்டியில் பெரிய அணியோடு நேருக்கு நேர் நிற்பதைக் காட்டிலும், ரன் எடுப்பதே கடினம் என்ற நிலைக்கு ஆட்டத்தை இழுத்துச் சென்று, அங்கே தங்களிடம் இருக்கும் ஒன்றிரண்டு நல்ல பந்துவீச்சாளர்களை வைத்துப் பொருதுகின்றன.

1992-இல் ஆஸ்திரேலியாவின் ஆல்பரி நகரில் நடந்த ஆட்டம் இதற்கு நல்ல சான்று. ஜிம்பாப்வே 134 ரன்னில் சுருண்டது. இங்கிலாந்து ஏற்கெனவே அரையிறுதியை உறுதி செய்திருந்ததால் அவர்களுக்கு அது கடமைக்கு ஆடும் ஆட்டமாகவே இருந்தது. கோழிப்பண்ணை வைத்திருந்த எட்டோ பிராண்டஸ் முதல் பந்திலேயே அணித்தலைவர் கிரகாம் கூச்சை எல்.பி.டபிள்யூ. முறையில் வெளியேற்றினார், பிறகு ஜிம்பாப்வேயில் பிறந்து இங்கிலாந்துக்கு ஆடச் சென்ற கிரேம் ஹிக்கையும் ரன் எடுக்கவிடாமல் அனுப்பினார். 21 ரன் கொடுத்து 4 விக்கெட். இங்கிலாந்து 125 ரன்னில் ஆட்டமிழந்து 9 ரன்னில் தோற்றது. ஜிம்பாப்வேக்கு டெஸ்ட் தகுதி அந்த ஆண்டிலேயே கிடைத்தது.

1996-இல் புனேயில் கென்யா எடுத்தது 166 ரன். அதிலும் எந்த மட்டையாளரையும்விட, வைடு, நோ-பால் போன்ற பிழைகளால் எதிரணி கொடுக்கும் உதிரி ரன்களின் பங்களிப்பே அதிகம். அதாவது மேற்கிந்தியத் தீவுகள் தன் இலக்கின் ஒரு பகுதியைத் தானே எழுதிக்கொடுத்தது. பிரையன் லாரா 8 ரன்னில் விக்கெட் காப்பாளர் தாரிக் இக்பாலிடம் பிடிபட்ட பிறகு அந்த அணி நிமிரவேயில்லை. 93 ரன்னில் முடிந்தது. 2022 இருபது ஓவர் உலகக் கோப்பையில், பெர்த் மைதானத்தில் ஜிம்பாப்வே 130 ரன் எடுத்துப் பாகிஸ்தானை 129-இல் நிறுத்தியது. சிக்கந்தர் ராசா 3 விக்கெட் எடுத்தார்.

சுழற்பந்துவீச்சு, குறிப்பாக லெக் ஸ்பின், இன்னொரு வழி. வேகப்பந்துவீச்சாளரை வளர்க்க ஆடுகளமும் பயிற்சியாளரும் உடற்பயிற்சி வசதியும் வேண்டும். மணிக்கட்டைச் சுழற்றும் ஒருவர் இவை எதுவும் இல்லாத இடத்திலிருந்தும் கிளம்பிவரலாம். 2003-இல் நைரோபியில் காலின்ஸ் ஒபுயா 24 ரன்னுக்கு 5 விக்கெட் எடுத்து இலங்கையைச் சாய்த்தார். ஆப்கானிஸ்தானின் ரஷீத் கான் உலகின் ஒவ்வோர் இருபது ஓவர் லீக்கும் தேடும் வீரரானார்.

களத்தடுப்பைப் பலரும் கணக்கில் கொள்வதில்லை. பயிற்சி ஒன்றினாலேயே பெரிய அணியின் தரத்தை எட்டக்கூடிய ஒரே துறை அதுதான். 2022 நவம்பரில் அடிலெய்டில் நெதர்லாந்து 158 ரன் எடுத்திருந்தது. டேவிட் மில்லர் களத்தில் இருந்தவரை ஆட்டம் தென்னாப்பிரிக்காவின் பக்கம் சாயும் வாய்ப்பு இருந்தது. அவர் உயர்த்தி அடித்த பந்தை ரோலோஃப் வான் டெர் மெர்வ் முதுகைக் காட்டிப் பின்னோக்கி ஓடி, தோளுக்கு மேலாக வந்த பந்தைக் கையில் ஏந்தினார். முன்பு தென்னாப்பிரிக்காவுக்காகவே ஆடியவர் அவர். தென்னாப்பிரிக்கா 13 ரன்னில் தோற்றுத் தொடரை விட்டு வெளியேறியது.

பெரிய இலக்கைத் துரத்தி வென்ற சிறிய அணியே இல்லையா?

உண்டு, ஆனால் அரிது. அதனால்தான் 2011 மார்ச் 2 அன்று பெங்களூரில் நடந்த ஆட்டம் இன்னும் பேசப்படுகிறது. இங்கிலாந்து 327 ரன் குவித்திருந்தது. அயர்லாந்து 111 ரன்னுக்கு 5 விக்கெட்டை இழந்தது. அந்த நேரத்தில் தொலைக்காட்சியை அணைத்துவிட்டுப் படுக்கப்போனவர்களைக் குறைசொல்ல முடியாது. புற்றுநோய் நிதிதிரட்டலுக்காகத் தலைமுடியில் சாயம் பூசியிருந்த கெவின் ஓ'பிரையன் 50 பந்தில் சதம் அடித்தார். அன்றைய நிலையில் உலகக் கோப்பையின் அதிவேகச் சதம் அதுவே. மறுமுனையில் அலெக்ஸ் கியூசாக் 47 ரன்னுடன் துணைநின்றார். ஓ'பிரையன் 113 ரன்னில் ரன் அவுட் ஆனபோதும் வேலை முழுவதுமாக முடிந்திருக்கவில்லை. எட்டாவதாகக் களமிறங்கிய ஜான் மூனி பதற்றமின்றி ஆடி, கடைசி ஓவரின் முதல் பந்தை எல்லைக்கு விரட்டி ஆட்டத்தை முடித்தார். எல்லோரும் ஓ'பிரையனை மட்டுமே நினைவில் வைத்திருக்கிறார்கள். மூனி எடுத்த 33 ரன் இல்லையென்றால் அது ஒரு வீரத் தோல்வியாகவே முடிந்திருக்கும்.

2015-இல் நெல்சன் நகரில் மேற்கிந்தியத் தீவுகளின் 304 ரன்னையும் அயர்லாந்து துரத்திப் பிடித்தது. இம்முறை ஒருவரின் ஆவேசத்தால் அன்றி, முன்வரிசையினர் முறையாக ஆடியதால் கிடைத்த வெற்றி அது. என் கணிப்பில் பெங்களூரைவிட அந்த அணியின் வளர்ச்சியை அதிகமாகக் காட்டிய ஆட்டம் நெல்சன்தான்.

பலமான அணி ஏன் தடுமாறுகிறது? அலட்சியம்தான் காரணமா?

அலட்சியம் என்பது செய்தித்தாள்களுக்கு வசதியான விடை. உலகக் கோப்பையில் ஆடும் எந்த வீரரும் வேண்டுமென்றே அசட்டையாக ஆடுவதில்லை. உண்மையான காரணம் சுமையின் ஏற்றத்தாழ்வு. சிறிய அணி தோற்றால் எவரும் கேட்கப்போவதில்லை. பெரிய அணி தோற்றால் ஊரே கேட்கும். ஆட்டம் கடைசி ஓவர்களுக்கு நகர நகர அந்தச் சுமை ஒருபக்கமாகவே ஏறுகிறது.

இருபது ஓவர் உலகக் கோப்பையில் 2024 ஜூன் 6 அன்று டல்லாஸில் நடந்ததைப் பாருங்கள். பாகிஸ்தானின் 159 ரன்னை நோக்கி ஆடிய அமெரிக்காவுக்குக் கடைசிப் பந்தில் 5 ரன் தேவைப்பட்டது. நிதிஷ் குமார் நான்கு அடித்து ஆட்டத்தைச் சமன் செய்தார். வெற்றியாளரைத் தீர்மானிக்க ஆளுக்கு ஓர் ஓவர் ஆடும் சூப்பர் ஓவரில் முகமது ஆமிர் பந்துவீசினார். அமெரிக்கா 18 ரன் எடுத்தது. அதில் 7 ரன், வைடுகளாலும் அந்த வைடுகளில் மட்டையாளர்கள் துணிந்து ஓடிச் சேர்த்த ரன்களாலும் வந்தவை. பந்து விக்கெட் காப்பாளரின் கையில் இருக்கும்போதே ஓடத் துணிந்தவர்கள், இழப்பதற்கு ஒன்றுமில்லாதவர்கள். பதிலுக்குச் சவுரப் நேத்ராவல்கர் 13 ரன் மட்டுமே கொடுத்தார். 2010-இல் இந்தியாவின் 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை அணியில் ஆடி, பிறகு அமெரிக்கா சென்று மென்பொருள் பொறியாளரானவர் அவர்.

இன்னொரு காரணம் பழக்கமின்மை. பெரிய அணிகள் தமக்குள் ஆண்டு முழுவதும் ஆடிக்கொண்டிருப்பதால் ஒருவரையொருவர் உள்ளங்கை நெல்லிக்கனி போல அறிவார்கள். நமீபியாவின் பந்துவீச்சாளரைக் காணொளியில் பார்க்கலாம். அவர் பந்தைக் களத்தில் நின்று ஆடியிருக்கமாட்டார்கள். 2022 தொடரின் தொடக்க நாளில், சில வாரங்களுக்கு முன்புதான் ஆசியக் கோப்பையை வென்றிருந்த இலங்கை, ஜீலாங்கில் நமீபியாவிடம் 55 ரன்னில் மண்ணைக் கவ்வியது.

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போன ஆட்டங்களும் உண்டல்லவா?

வென்றவற்றைக் காட்டிலும் அவையே அதிகம். ஆனால் தோற்ற ஆட்டங்கள் பட்டியல்களில் இடம்பெறுவதில்லை.

2023 நவம்பர் 7 அன்று மும்பையில் ஆப்கானிஸ்தான் 291 ரன் எடுத்தது. இப்ராஹிம் சத்ரான் 129 ரன்னுடன் ஆட்டமிழக்காமல் நின்றார். ஆஸ்திரேலியா 91 ரன்னுக்கு 7 விக்கெட்டை இழந்தது. அதற்குப் பின் நடந்தது கிரிக்கெட் பார்க்கும் எவருக்கும் தெரியும். கிளென் மேக்ஸ்வெல் கால் தசைப்பிடிப்பால் ஓடவும் முடியாமல், நின்ற இடத்திலிருந்தே அடித்து 201 ரன் குவித்தார். பேட் கம்மின்ஸ் 68 பந்தில் 12 ரன் மட்டும் எடுத்து மறுமுனையைக் காத்தார். இதில் கவனிக்க வேண்டியது வேறொன்று. மேக்ஸ்வெல் 33 ரன்னில் இருந்தபோது நூர் அகமது பந்தில் எளிதாக வந்த பிடியை முஜீப் நழுவவிட்டார். ஒரு பிடி நழுவுவது யாருக்கும் நேரும். ஆனால் நகரவே முடியாத மட்டையாளருக்கு எதிராக, அவர் கால் நீட்டி ஆடவேண்டிய இடத்தில் தொடர்ந்து பந்தை வீசாமல், அவர் நின்றபடியே சுழற்றக்கூடிய இடங்களில் வீசிக்கொண்டிருந்தது பதற்றத்தின் விளைவு. வெற்றியை முடித்துவைப்பதும் ஒரு திறன். அது அத்தகைய நிலைகளில் பலமுறை நின்று பழகியவர்களுக்கே கைவரும்.

2024-இல் செயின்ட் வின்சென்டின் கிங்ஸ்டவுனில் நேபாளத்துக்கு நேர்ந்தது இன்னும் கொடுமையானது. தென்னாப்பிரிக்காவை 115 ரன்னில் கட்டுப்படுத்தி, 114 ரன்னை எட்டிவிட்ட அந்த அணிக்குக் கடைசிப் பந்தில் 2 ரன் தேவை. குல்சன் ஜாவின் மட்டையில் பந்து படவில்லை. ஆட்டத்தைச் சமன் செய்யவாவது ஒரு ரன் கிடைக்குமா என்று ஓடியவர், மறுமுனைக் கோட்டைத் தொடச் சிறிது தூரமே இருக்கையில் ரன் அவுட் ஆனார்.

நிகர ரன் விகிதம் என்பது என்ன? சிறிய அணிகளுக்கு அது ஏன் முக்கியம்?

தொடர் முழுவதும் ஓர் அணி ஓர் ஓவருக்குச் சராசரியாக எடுத்த ரன்னிலிருந்து, அது ஓர் ஓவருக்குச் சராசரியாகக் கொடுத்த ரன்னைக் கழித்தால் வருவது நிகர ரன் விகிதம். ஓர் அணி எல்லா விக்கெட்டையும் இழந்துவிட்டால், அது உண்மையில் ஆடிய ஓவர்களுக்குப் பதிலாக முழு ஓவர்களையும் ஆடியதாகவே கணக்கிடப்படும். ஒருமுறை ஐம்பது அறுபது ரன்னில் சுருண்டால், பின்னர் இரண்டு வெற்றி பெற்றாலும் அந்தப் பள்ளம் நிரம்பாமல் போகலாம் என்பதற்கு இதுவே காரணம்.

இதன் விசித்திரமான விளைவை 2024-இல் ஆப்கானிஸ்தான், வங்கதேசம் மோதிய சூப்பர் எட்டுச் சுற்று ஆட்டத்தில் கண்டோம். வங்கதேசம் 116 ரன் இலக்கை 12.1 ஓவருக்குள் எட்டினால் அதற்கே அரையிறுதி, அதன் பின் எட்டினால் ஆஸ்திரேலியாவுக்கு, எட்டாவிட்டால் ஆப்கானிஸ்தானுக்கு. மழை வந்து வந்து போனது. மழை குறுக்கிடும் ஆட்டங்களில் யார் முன்னிலை என்று தீர்மானிக்கும் டக்வொர்த் லூயிஸ் கணக்கில் ஆப்கானிஸ்தான் சற்று முன்னே இருந்த ஒரு கட்டத்தில், ஆட்டத்தை மெதுவாக்கச் சொல்லிப் பயிற்சியாளர் ஜொனாதன் டிராட் சைகை காட்ட, ஸ்லிப் பகுதியில் நின்ற குல்பதின் நைப் தொடையைப் பிடித்துக்கொண்டு பொத்தென்று விழுந்தார். மழைக்குப் பின் அவரே வந்து பந்துவீசி விக்கெட்டும் எடுத்தார். அதை விதிமீறல் என்பாரும் உண்டு, சமயோசிதம் என்பாரும் உண்டு; சிரிக்காதவர்கள் ஆஸ்திரேலிய வீரர்களாகத்தான் இருந்திருப்பார்கள். ஆப்கானிஸ்தான் 8 ரன்னில் வென்று முதல்முறையாக உலகக் கோப்பை அரையிறுதிக்குச் சென்றது. அங்கே தென்னாப்பிரிக்காவிடம் 56 ரன்னில் சுருண்டது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

மழையால் கிடைக்கும் வெற்றியை உண்மையான வெற்றியாகக் கருதலாமா?

கருதலாம். 2022-இல் மெல்போர்னில் அயர்லாந்தின் 157 ரன்னுக்கு எதிராக இங்கிலாந்து 14.3 ஓவரில் 5 விக்கெட் இழப்புக்கு 105 ரன் எடுத்திருந்தபோது மழை ஆட்டத்தை முடித்துவைத்தது. இங்கிலாந்து 5 ரன் பின்தங்கியிருந்தது. மழை வரக்கூடும் என்பது இரு அணிகளுக்கும் தெரிந்திருந்தது. அதற்கேற்ப வேகமாக ஆடாதது இங்கிலாந்தின் பிழை. அந்த அணிதான் பின்னர் கோப்பையையும் வென்றது.

ஒரு பெரிய வெற்றிக்குப் பின் சில அணிகள் வளர, சில ஏன் மறைந்துபோகின்றன?

இக்கேள்விக்கு விடை கென்யாவின் கதையில் இருக்கிறது. 2003-இல் ஸ்டீவ் டிக்கோலோ தலைமையில் கென்யா இலங்கை, வங்கதேசம், ஜிம்பாப்வே, கனடா ஆகிய அணிகளை வென்றது. பாதுகாப்புக் காரணம் சொல்லி நைரோபிக்கு வர மறுத்த நியூசிலாந்தின் புள்ளிகளும் சேர்ந்து அரையிறுதிவரை சென்றது. டெஸ்ட் ஆடாத நாடு ஒன்று ஒருநாள் உலகக் கோப்பையில் அந்த இடத்தை எட்டியது அந்த ஒருமுறைதான். அதற்குப் பின் பெரிய அணிகள் கென்யாவோடு ஆட முன்வரவில்லை. வாரியத்துக்குள் பூசல், வீரர்களுக்கு ஊதியத் தகராறு என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 2014-இல் ஒருநாள் ஆட்டத் தகுதியையே அந்நாடு இழந்தது.

ஆப்கானிஸ்தான் 2008-இல் ஜெர்சி தீவில், உலகக் கிரிக்கெட் லீக்கின் ஐந்தாம் பிரிவில் ஆடிக்கொண்டிருந்தது. அதன் முதல் தலைமுறை வீரர்களில் பலர் பாகிஸ்தானின் அகதி முகாம்களில் மட்டை பிடிக்கக் கற்றவர்கள். சொந்த மண்ணில் ஆட இயலாததால் ஷார்ஜா, நொய்டா, டேராடூன், லக்னோ என்று வெளிநாட்டு மைதானங்களையே தாயகமாகக் கொண்டது. ஆனால் ஓயாமல் ஆடியது. அதன் வீரர்கள் உலகின் லீக் ஆட்டங்களில் பெரிய வீரர்களோடு தோளுரசினர். 2023 அக்டோபரில் எட்டு நாள் இடைவெளியில் டெல்லியில் இங்கிலாந்தையும் சென்னையில் பாகிஸ்தானையும் வென்றது. சேப்பாக்கத்தில் 283 ரன் இலக்கை வெறும் 2 விக்கெட் இழப்பில் எட்டியதை இனியும் அதிர்ச்சி என்று சொல்வது அந்த அணியைக் குறைத்து மதிப்பிடுவதாகும்.

இரண்டு கதைகளையும் அருகருகே வைத்தால், சிறிய அணிகளுக்குப் பற்றாக்குறை திறமையில் இல்லை, ஆட்டங்களில்தான் என்பது புலப்படும். பெரிய அணியோடு ஆடினால்தான் அதன் தரம் கைவரும். அந்தத் தரம் இல்லை என்று சொல்லியே அவர்களோடு ஆட மறுக்கிறார்கள்.

நல்ல வீரர்கள் பெரிய நாடுகளுக்குச் சென்றுவிடுவது பாதிப்பு இல்லையா?

பாதிப்புதான். டப்ளினில் பிறந்து 2007 உலகக் கோப்பையில் அயர்லாந்துக்காக ஆடிய இயான் மார்கன், 2019-இல் இங்கிலாந்தின் தலைவராகக் கோப்பையை ஏந்தினார். எதிர்த்திசையிலும் போக்குவரத்து உண்டு: 2007-இல் இங்கிலாந்துக்காக அயர்லாந்தை எதிர்த்து ஆடிய எட் ஜாய்ஸ் 2011-இல் அயர்லாந்து அணியில் இருந்தார், தென்னாப்பிரிக்காவின் டேவிட் வீசா நமீபியாவுக்குச் சென்றார். டெஸ்ட் ஆடவேண்டும் என்ற ஆசையே முன்பு வீரர்களை இழுத்தது. 2017-இல் அயர்லாந்துக்கு அந்தத் தகுதி கிடைத்தபின் அங்கிருந்து வெளியேறும் அவசியம் குறைந்தது.

பெண்கள் கிரிக்கெட்டிலும் இந்த நிலை உண்டா?

உண்டு. தாய்லாந்து பெண்கள் அணி 2020-இல் முதல்முறையாக இருபது ஓவர் உலகக் கோப்பையில் ஆடியது. பாகிஸ்தானுக்கு எதிராக 150 ரன் எடுத்துக் காத்திருக்கையில் மழை ஆட்டத்தையே அழித்துவிட்டது. இரண்டு ஆண்டு கழித்துச் சில்ஹெட்டில் நடந்த ஆசியக் கோப்பையில் அதே பாகிஸ்தானை வென்று அரையிறுதிக்கும் சென்றது. இதற்கு நேர்மாறாக, மேலே இவ்வளவு புகழப்பட்ட ஆப்கானிஸ்தானில் 2020-இல் ஒப்பந்தம் பெற்ற பெண் வீரர்கள் 2021-இல் ஆட்சி மாறியபின் நாட்டைவிட்டே வெளியேற நேர்ந்தது. அந்நாட்டின் ஆண்கள் அணியைக் கொண்டாடும்போது இதையும் சேர்த்தே நினைக்கவேண்டியிருக்கிறது.

சிறிய அணிகளைச் சேர்த்தால் தொடரின் தரம் குறையும் என்கிறார்களே?

அந்த வாதத்தின் பின்னால் தரத்தைவிட வருவாய்க்கே இடம் அதிகம். 2007 ஒருநாள் உலகக் கோப்பையில் 16 அணிகள் ஆடின. மார்ச் 17 அன்று, ஒரே நாளில், கிங்ஸ்டனில் அயர்லாந்து பாகிஸ்தானையும், போர்ட் ஆஃப் ஸ்பெயினில் வங்கதேசம் இந்தியாவையும் வீழ்த்தின. இரு பெரிய அணிகளும் முதல் சுற்றோடு ஊர் திரும்பின. கிரிக்கெட்டுக்கு அது நல்ல நாள். ஒளிபரப்பு நிறுவனங்களுக்குத் துக்க நாள். அடுத்த இரு தொடர்களில் அணிகள் 14 ஆகவும், 2019-இலும் 2023-இலும் 10 ஆகவும் குறைக்கப்பட்டன.

பத்து அணித் தொடரில் ஒரு நியாயம் இருந்தது என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். 2023-இல் தகுதி பெற்ற நெதர்லாந்துக்கு ஒன்பது ஆட்டங்கள் கிடைத்தன. தரம்சாலாவில் 140 ரன்னுக்கு 7 விக்கெட்டை இழந்த நிலையிலிருந்து ஸ்காட் எட்வர்ட்ஸின் 78 ரன்னால் 245-ஐ எட்டித் தென்னாப்பிரிக்காவை மீண்டும் ஒருமுறை வென்றது. ஆனால் தகுதிச் சுற்றில் இருந்த இரண்டே இடங்களுக்காக ஸ்காட்லாந்து போன்ற அணிகள் வாசலிலேயே நிற்க நேர்ந்தது. அத்தகுதிச் சுற்றில் இருமுறை கோப்பை வென்ற மேற்கிந்தியத் தீவுகளே ஸ்காட்லாந்திடமும் நெதர்லாந்திடமும் ஜிம்பாப்வேயிடமும் தோற்று வெளியேறியது, யாரைச் சிறிய அணி என்பது என்ற கேள்வியையே குழப்பிவிட்டது.

அடுத்த ஒருநாள் உலகக் கோப்பையில் நிலைமை மாறுமா?

ஓரளவு மாறும். தென்னாப்பிரிக்கா, ஜிம்பாப்வே, நமீபியா ஆகிய நாடுகளில் 2027-இல் நடைபெறவுள்ள தொடரில் மீண்டும் 14 அணிகள் ஆடும். போட்டியை நடத்தும் நாடாக இருந்தும் நமீபியாவுக்கு நேரடி இடம் இல்லை. முழு உறுப்பினரான மற்ற இரண்டு நாடுகளுக்கும் உண்டு. நமீபியா தகுதிச் சுற்றைக் கடந்தே வரவேண்டும். ஏழு ஏழு அணிகளாக இரண்டு பிரிவுகள், அதன்பின் ஒவ்வொரு பிரிவிலும் முதல் மூன்று இடம் பெறும் அணிகள் மோதும், 2003-இல் கென்யா ஆடிய அதே சூப்பர் சிக்ஸ் முறை. ஆகவே தகுதி பெறும் ஒவ்வோர் அணிக்கும் குறைந்தது ஆறு ஆட்டங்கள் உறுதி. ஒன்றில் தோற்றால் எல்லாம் போயிற்று என்ற அச்சமின்றித் திட்டமிட அது போதும். இரண்டு தொடர்களுக்கு நடுவே வரும் நான்கு ஆண்டுகளில் அந்த அணிகளுக்கு எத்தனை ஆட்டங்கள் கொடுப்பது என்பதில்தான் பெரிய வாரியங்கள் இன்னும் கைவிரித்துக்கொண்டிருக்கின்றன.